புனிதா இன்னும் பங்கேற்கிறாள்

செத்துப்போன பெண்டாட்டி கனவில் வந்தால் நம் ஆட்கள் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஒருவர் மோட்ச தீபம் ஏற்றச் சொல்வார். இன்னொருவர் காக்கைக்குச் சோறு வைக்கச் சொல்வார். மூன்றாமவர், வீட்டில் கட்டிக்கொடுக்காத கொழுந்தியாள் இருந்தால், மறுகல்யாணப் பேச்சை எடுப்பார். டெங்கிலுக்குப் போய் ஓர் அலுவலகத்தில் எண் எடுத்துக்கொண்டு உட்கார் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் புத்தி எனக்குத் தானாகவே வந்தது.

என் பெயர் வேலாயுதம். கிள்ளானில் பள்ளி பஸ் ஓட்டுகிறேன். என் மனைவி புனிதா இருந்தவரை அவள்தான் பஸ் ஆன்டி. முன்பக்கம் இருக்கிற ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து பிள்ளைகளை ஏற்றுவாள், இறக்குவாள், தூங்கிப்போனதை எழுப்புவாள், அடித்துக்கொண்டதை விலக்குவாள். வயிற்றில் கட்டி வந்து, அதை வெட்டியெடுத்து, அதற்குப் பிறகும் பிழைக்காமல், போன வருஷம் போய்விட்டாள்.

காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பள்ளி விடும்வரை எனக்கு வேலை இல்லை. வேலியோரம் தூங்குமூஞ்சி மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்ணயர்வேன். மரம் பெயருக்குத்தான் நிழல். தகரக் கூரை கொதிக்கும். அந்தக் கொதிப்பில் ஒருநாள் புனிதா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையையும் கக்கத்தில் செருகியிருந்தாள். உதடு நீலமாக இருந்தது.

“ஏங்க, குளிருதுங்க,” என்றாள். “தாங்க முடியல.”

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பயந்தேன் என்று சொல்லமாட்டேன், முப்பது வருஷம் கூட இருந்தவளிடம் என்ன பயம். எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். உயிரோடு இருந்தபோதே ஏர்கோன் குளிரைக் கண்டால் ஓடுகிறவள் அவள். பிரிக்பீல்ட்ஸில் சேலை எடுக்கப் போனால்கூட கடை வாசலிலேயே நின்றுகொண்டு என்னை உள்ளே அனுப்புவாள். நான் ஒவ்வொரு சேலையாக வெளியே கொண்டுவந்து காட்டவேண்டும்.

இவளை மின்சுடலையில் நானே பொத்தானை அழுத்தி எரித்தேன். எரிந்த உடம்புக்கு எப்படிக் குளிரும்? எரியாமல் ஏதோ ஒரு துண்டு எங்கேயோ மிச்சம் இருந்தால்தான் குளிரும். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் ஒரு பெண் கட்டிலருகே வந்து, வெட்டியெடுக்கும் கட்டியில் கொஞ்சத்தை மருத்துவ ஆராய்ச்சிக்குச் சேமித்து வைக்கலாமா என்று கேட்டாள்.

“எடுத்துக்கோ லா பாப்பா. நான் என்ன அதக் கறியா வைக்கப் போறேன்?” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் புனிதாதான்.

அந்தத் துண்டு இருக்கும் இடம் டெங்கிலில், செம்பனைக் காட்டுக்கு நடுவில். பல்தரப்புக் கூட்டு உயிர்மாதிரிக் காப்பகம் என்று பெயர். எட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. எந்த நிறுவனத்தின் சின்னம் முதலில் வரவேண்டும் என்று சண்டை வந்ததாம், அதனால் வாசலில் எட்டையும் வட்டமாகப் போட்டார்கள். வட்டத்தில் எது மேலே என்று மறுபடி சண்டை வந்ததாம், அதனால் மோட்டார் வைத்துச் சுற்ற விட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா பெருமையாகச் சொன்னார். கேட்டுக்கொண்டு நின்றதில் எனக்குத் தலை சுற்றியது.

உள்ளே குமுதா என்று ஒரு பெண். என் மகள் வயது இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தால். பங்கேற்பாளர் உறவு அதிகாரி என்று கழுத்தில் அட்டை தொங்கியது.

“பங்கேற்பாளர் வந்திருக்காங்களா, அங்கிள்?”

“இல்லம்மா. செத்துட்டா.”

அவள் கணினியைப் பார்த்தாள். “சிஸ்டத்துல ஆக்டிவ்னு இருக்கே.”

“எரிச்சாச்சும்மா.”

“அது உங்க பக்கம், அங்கிள். எங்க பக்கம் அவங்க ஆக்டிவ்தான். மைனஸ் எண்பது டிகிரில நல்லா இருக்காங்க.”

ஊரிலிருந்து வந்தவரிடம் சுகம் விசாரித்துச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் விஷயத்தைச் சொன்னேன். புனிதாவுக்குக் குளிர் ஆகாது, தினமும் வந்து அழுகிறாள், அந்தத் துண்டைக் கொடுத்துவிட்டால் நான் எரித்துக் கடலில் கரைத்துவிடுவேன். குமுதா ஆச்சரியப்படவே இல்லை.

“பங்கேற்பிலிருந்து விலகணும்னா பங்கேற்பாளர்தான் நேர்ல வந்து சொல்லணும். குடும்பத்தார் சொன்னாச் செல்லாது. அது அவங்களோட உரிமை. அத நாங்க யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம்.”

“அவ தினமும் என் பஸ்ஸுக்கு வரா. சொல்லி அனுப்பறேன்.”

“ஓகே அங்கிள். ஆபீஸ் நேரத்துல வரச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை மட்டும் மத்தியானம் கவுண்டர் மூடியிருக்கும்.”

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கேலி செய்வதற்கு அங்கே தனியாக அனுமதி வாங்கவேண்டும்போல.

மறுநாள் மரத்தடியில் புனிதாவிடம் சொன்னேன். “வரலாம்னுதான் பாக்குறேன்,” என்றாள். “காலு ஒட்டிக்கிச்சுங்க. தூக்க முடியல.” அப்படிச் சொல்லிவிட்டுத் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளி மணி அடித்ததும் போய்விட்டாள்.

அந்த வாரம் அவளுடைய பிறந்தநாள். என் கைப்பேசிக்குக் காப்பகத்திலிருந்து ஒரு வாழ்த்து வந்தது. ‘அன்புள்ள புனிதா, இன்னும் பல்லாண்டு எங்களோடு இருங்கள்.’ பஸ்ஸை ஓரம் கட்டிவிட்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு பெரியவரைப் பார்த்தே தீர்வது என்று கிளம்பிப் போனேன்.

பெரியவர் டாக்டர் சிவேந்திரன், காப்பகத்தின் இயக்குநர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா ரயில்வேயில் அதிகாரி, அப்பா அரசாங்க வைத்தியர், சுவரில் இரண்டு பேரும் படமாக இருந்து என்னை மேலிருந்து பார்த்தார்கள். அறை விறைத்தது.

“மிஸ்டர் வேலாயுதம், நீங்கள் பெருமைப்பட வேணும்,” என்றார். “உங்கட மனைவி எங்கட பிளாட்டினம் பங்கேற்பாளர். ஒசாகாவுக்குப் போயிருக்கிறா. ராட்டர்டாமுக்குப் போயிருக்கிறா. ரெண்டு இடத்திலயும் இப்பவும் கொஞ்சம் இருக்கிறா.”

புனிதா பினாங்கைத் தாண்டினதில்லை. ஒருமுறை காசிக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட் எடுத்தோம், அது பீரோவில் கிடந்தே காலாவதியானது. என்னைக் கேட்காமல் ஜப்பானுக்குப் போயிருக்கிறாள் என்றதும் எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

“அங்க போயி என்ன செஞ்சா, டாக்டர்?”

“அங்கத்தைய பிரீசரில இருந்தா.”

“ஆராய்ச்சி?”

“பாருங்கோ, ஆராய்ச்சி எண்டது கடைசிப் படி. முதல் படி கூட்டுறவு. அவையின்ட மாதிரி எங்கட பிரீசரில, எங்கட மாதிரி அவையின்ட பிரீசரில. இப்பிடி ஒருத்தரை ஒருத்தர் நம்பிப் பழக வேணும். அவசரப்பட்டு ஒரு மாதிரியைத் திறந்து வெட்டினால் அது குறைஞ்சுபோம். எல்லாம் குறைஞ்சுபோனால் நாங்கள் என்ன காப்பகம், விளங்குதோ?”

“அப்ப இத்தன நாளா யாரும் அவளத் தொட்டுக்கூடப் பாக்கலயா?”

“ஒருத்தரும் இல்லை,” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. “நோயாளி எண்டால் வருவார், சுகமாவார், இல்லாட்டில் போவார். குடும்பம் கொஞ்சக் காலம் அழும், பிறகு மறந்திடும். மறக்காமல் வைச்சிருக்கிறது நாங்கள் மட்டும்தான். உண்மையைச் சொன்னால், மனிசரோட வேலை செய்யிறதுதான் கரைச்சல். மாதிரிகள் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.”

“இப்பச் சொல்றா, டாக்டர்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மாதிரியை வெளியே விடுவதென்றால் எட்டு நிறுவனங்களின் கூட்டுக்குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டுமாம். காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் குழு கூடினதே இல்லையாம். தலைமை நாற்காலியில் யார் உட்காருவது என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

திரும்பி வரும்போது ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டே வந்தேன். ஆராய்ச்சிக்குப் பயன்பட்டிருந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இருந்திருக்காது. இன்னொரு பொம்பளை வயிற்றில் அந்தக் கட்டி வராமல் இருக்க இவள் உதவினாள் என்றால், பொறுத்துக்கோ புள்ள, குளிரட்டும் என்று நானே சொல்லியிருப்பேன். ஒருத்தனும் கண்ணெடுத்துப் பார்க்காத துண்டுக்காக இவள் எதற்கு விறைக்க வேண்டும்? மனசு ஆறவே இல்லை.

தீபாவளி விடுமுறை கழிந்து பள்ளி திறந்த திங்கட்கிழமை புனிதா வந்தாள். முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியிருந்தது.

“சனிக்கிழம தோச வாசம் வந்துச்சுங்க,” என்றாள். “பக்கத்துலயே நின்னு யாரோ சுட்டாங்க. மெல்ல மெல்லக் குளிரு விட்டுப்போச்சு. காலக்கூட நீட்டினேன். சாய்ங்காலம் யாரோ ஓடியாந்து என்னமோ செஞ்சாங்க, மறுபடி புடிச்சிக்கிச்சு.” சொல்லும்போதே உதடு நீலமாகத் தொடங்கியது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கின கையோடு லிட்டில் இந்தியாவில் ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு டெங்கிலுக்கு விட்டேன்.

“சனிக்கிழம இங்க தோச சுட்டாரே, அவருக்கு நன்றி சொல்ல வந்தேன்மா,” என்று குமுதாவிடம் லட்டை நீட்டினேன். “முடிஞ்சா தினமும் என் சம்சாரம் பக்கத்துலயே நின்னு சுடச் சொல்லு. நல்லா இருக்கா.”

குமுதாவின் கை டப்பாவைத் தொடவில்லை. “யாரு அங்கிள் உங்களுக்குச் சொன்னது?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“அவதான்.”

தொலைபேசியை எடுத்தாள். கொஞ்ச நேரத்தில் என்னை ஓர் அறையில் உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். என்ன நடந்தது என்று எனக்குச் சொன்னது, என்னைப்போலவே அங்கே கொண்டுவந்து உட்கார வைக்கப்பட்ட முகுந்தன். பிரீசர்களைப் பார்த்துக்கொள்ளும் ஆள். வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“தீபாவளி ஓப்பன் ஹவுஸ் விருந்து, அண்ணே. பிரீசர் ரூம்ல இடமில்லாம உங்க வீட்டுக்காரங்க இருக்கற பிரீசரத் தாழ்வாரத்துல வச்சிருக்கோம். சாப்பாட்டுக்காரரு தோசக்கல்லுக்கு பிளக் தேடியிருக்காரு. பிரீசரு பிளக்கப் புடுங்கிட்டாரு. அலாரம் அடிச்சிச்சு. அப்பப் பாத்து டாக்டர் மேடையில பாதுகாப்பப் பத்திப் பேசறாரு. அந்தச் சத்தத்த நிறுத்துன்னாரு. நிறுத்தினேன். அப்பறம் அவரு பேச்ச நிறுத்தல.”

“பிறகு என்ன எழுதி வச்சீங்க?”

“பண்டிகைக் கால வெப்பநிலை அனுபவம்னு டாக்டர் எழுதச் சொன்னாரு.”

அன்று மத்தியானமே கூட்டுக்குழு கூடியது. இத்தனை வருஷம் கூடாத எட்டுப் பேரும் ஒரே திரையில் எட்டுக் கட்டங்களில் வந்து உட்கார்ந்தார்கள். பிரீசர் உருகியதற்காக இல்லை. உருகியது வெளியே தெரிந்துபோனதற்காக. என் பிள்ளைகளை ஏற்றிக்கொள்ளச் சொல்லி இன்னொரு பஸ்காரருக்குப் போன் போட்டுவிட்டு நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யார் சொன்னது என்று எட்டுப் பேரும் எட்டு விதமாகக் கேட்டார்கள். என் சம்சாரம் என்றேன். முகுந்தனின் கைப்பேசியைச் சோதித்தார்கள். சாப்பாட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அவர் தன் தோசைக்கல் எங்கே என்று திருப்பிக் கேட்டார். ஜாகாவை விசாரித்தார்கள். கடைசியில் திரையின் மூலையில் இருந்த வழக்கறிஞர் தொண்டையைக் கனைத்தார்.

“சனிக்கிழமை முழுவதும் அந்தத் தாழ்வாரத்தில் இருந்தவர் யார்?”

“பங்கேற்பாளர் புனிதா,” என்றார் சிவேந்திரன்.

“அவர் ஆக்டிவா?”

“ஆக்டிவ்.”

“ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டவரா?”

“போட்டவ.”

“அப்படியானால் கசியவிட்டவர் அவர்தான்.”

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமுதாவால் பொறுக்க முடியவில்லை. “டாக்டர், அவங்க இறந்துட்டாங்க,” என்றாள்.

சிவேந்திரன் அவள் பக்கம் குனிந்தார். ஒலிவாங்கி திறந்திருந்ததை மறந்துவிட்டார். “பிள்ளை, அதை இப்ப ஒப்புக்கொண்டால், இவ்வளவு காலமும் செத்தவையை எல்லாம் ஆக்டிவ் எண்டு காட்டினது ஏனெண்டு கேள்வி வரும். எங்கட ஆக்டிவ் ஆட்களில முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான்.”

எட்டுக் கட்டங்களிலும் எட்டுப் பேர் வேறு எங்கோ பார்த்தார்கள்.

பிறகு சிவேந்திரன் எழுந்து நின்று பேசினார். “கனத்த மனதோட இந்த முடிவுக்கு வந்திருக்கிறம். நாங்கள் அவவுக்கு இருக்க இடம் குடுத்தம். வெளிநாடு அனுப்பினம். பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னம். அவ எங்கட நம்பிக்கைக்குத் துரோகம் செய்திட்டா. இதால பங்கேற்பாளர் புனிதா நீக்கப்படுகிறா. எட்டு நிறுவனங்களில ஒண்டிலயும் அவ இனி எந்தக் காலத்திலும் பங்கேற்க ஏலாது. மேல்முறையீடு செய்ய அவவுக்கு உரிமை இருக்கு.”

“வேணாம் டாக்டர்,” என்றேன். “அவ தப்ப ஒத்துக்கிறா.”

வாயாடியை யார் வைத்துக்கொள்வார்கள்? ஒசாகாவும் ராட்டர்டாமும் தங்களிடம் இருந்த துண்டுகளை விமானத்தில் போட்டு அந்த வாரமே திருப்பிவிட்டன. எல்லாம் வந்து சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

முகுந்தன் ஒரு நுரைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளேயிருந்து புகை வந்தது. ஐஸோடு அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கெடாது என்றார். நான் கார் நிறுத்துமிடத்திலேயே பெட்டியைத் திறந்து, ஐஸைச் செடிக்கடியில் கொட்டிவிட்டு, அந்தச் சின்னக் குப்பிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். நெஞ்சில் சுட்டது. அவ்வளவு குளிர். இதிலா இத்தனை நாள் கிடந்தாள் என்று அப்போதுதான் எனக்குக் கண் கலங்கியது.

குமுதா பஸ்வரை கூடவே வந்தாள். ஏதோ சொல்ல வருவதும் நிறுத்துவதுமாக இருந்தாள்.

“அங்கிள், அதே பிரீசர்லதான் எங்கம்மாவும் இருக்காங்க.”

நான் அவளைப் பார்த்தேன்.

“மாசத்துக்கு இத்தன பேரச் சேக்கணும்னு எங்களுக்கு டார்கெட் இருக்கு. அந்த மாசம் ஒரு ஆளு குறைஞ்சிச்சு. அம்மா ஆஸ்பத்திரில இருந்தாங்க. நாந்தான் கையெழுத்து வாங்கினேன். அம்மா அப்பறம் வீடு திரும்பல.” அவள் தன் கழுத்து அட்டையைத் திருப்பிக்கொண்டே இருந்தாள். “புனிதா ஆன்டி எங்கம்மாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?”

“இல்லம்மா.”

“ஓகே அங்கிள்,” என்றாள்.

கிள்ளான் துறைமுகம்வரை பையிலிருந்த புனிதாவோடு பேசிக்கொண்டே வந்தேன். சட்டைப் பை மெல்ல நனைந்தது. கடற்கரையில் காரியம் செய்துவைக்கிற ஐயர் அந்தத் துளியைப் பார்த்து, இதற்கா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்றார். கற்பூரத்தில் வைத்தோம், நொடியில் எரிந்துபோனது. சாம்பலைக் கடலில் விட்டேன். நல்ல வெயில் அன்றைக்கு.

அதற்குப் பிறகு புனிதா வரவில்லை. நான் கேட்டதும் அதைத்தான், கிடைத்ததும் அதுதான். ஆனாலும் மரத்தடியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அந்த இருக்கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கேயே விட்டிருந்தால் குளிரோடாவது வந்துகொண்டிருப்பாளே என்று ஒருநாள் நினைத்தேன். நினைத்ததற்காக அன்றைக்கே அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். கேட்க அவள் இல்லை.

ஒருநாள் முற்பகல் பஸ் கதவை யாரோ தட்டினார்கள். குமுதா. வீடு பிரிக்பீல்ட்ஸில், அங்கிருந்து கொம்யூட்டர் ரயிலில் வந்தாளாம். வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். ஆனாலும் கழுத்து அட்டையைக் கழற்றவில்லை. ஏறி வந்து புனிதாவின் இடத்தில் உட்கார்ந்தாள்.

“அங்கிள், நீங்க தூங்குங்க,” என்றாள். “நான் சத்தம் போடமாட்டேன்.”

எனக்குப் புரிந்தது. தூங்கு என்று சொன்னால் தூக்கம் வந்துவிடுமா? இருந்தாலும் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன். கூரை கொதித்தது. முதுகில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது, கொஞ்ச நேரத்தில் அது நின்றுவிட்டது. தூங்கினேனா என்று தெரியாது. யாரையும் நான் பார்க்கவில்லை, அது மட்டும் உறுதி. கண்ணைத் திறந்தேன்.

“வந்தாங்களா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதைத்தான் சொல்லப்போனேன்.

“‘எம்மவ அங்கதான வேல செய்றா, அவளுக்குக் கூடவா என் குளிரு தெரியல’ன்னு கேக்குறாங்க.”

யார் பேசினது என்று எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வேலிக்கு அப்பால் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது.

“அம்மா இப்படித்தான் பேசுவாங்க,” என்றாள் குமுதா.

கழுத்து அட்டையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அது காப்பகத்தின் எல்லாக் கதவையும் திறக்கும் அட்டை, பிரீசர் அறைக் கதவையும். பிறகு எழுந்து, ஒவ்வொரு இருக்கையாகத் தொட்டுக்கொண்டே கடைசி வரிசைவரை நடந்தாள். அங்கே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்த பஸ்ல எத்தன பேரு உக்காரலாம், அங்கிள்?”

“நாப்பத்து நாலு. நெருக்கி உக்காந்தா இன்னும் ஏத்தலாம்,” என்றேன். “ஆனா ஏர்கோன் கிடையாதும்மா.”

“ஏர்கோன் வேணாம், அங்கிள்,” என்றாள்.